உட்ரெக்டின் குளிரில் ஒரு வாடகை சைக்கிள்

காலை எட்டேகால் மணி. இருட்டு இன்னும் முழுசாக விலகவில்லை. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்தில், ஃப்ரேடன்பர்க் சந்திப்பில், ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு பச்சை விளக்குக்காக நிற்கிறேன். என்னைச் சுற்றி அறுபது, எழுபது சைக்கிள்கள். கழுத்தில் மஃப்ளர் சுற்றிய ஆபீஸ்காரர், முன்பக்க மரப்பெட்டியில் இரண்டு குழந்தைகளை உட்காரவைத்திருக்கும் அம்மா, காதில் பாட்டு மாட்டிய கல்லூரிப் பெண்கள், எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். எல்லார் வாயிலிருந்தும் ஆவி. விளக்கு மாறியதும் மணியடிப்பு இல்லை, முண்டியடிப்பு இல்லை, அத்தனை பேரும் ஒன்றாக மிதித்துக் கிளம்பினார்கள். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு என்று விளக்குகள் வரிசை வரிசையாக நகர்ந்தன. கார்த்திகை அகல்களுக்குக் கால் முளைத்தால் இப்படித்தான் இருக்கும்! அந்த வரிசையில் நானும் ஒருவன். குளிர் 2 டிகிரி. சத்தம் போட்டுக் கத்தலாம் போல இருந்தது, அவ்வளவு சந்தோஷம்.

அந்தத் தெருவில் ஒரு நாளைக்கு 30,000 சைக்கிள்களுக்கு மேல் போகின்றன. நாட்டிலேயே நெரிசல் மிகுந்த சைக்கிள் பாதைகளில் அது ஒன்று. அந்த நெரிசலுக்குள் போக எனக்கு ஒரு நாளைக்கு ஏழு யூரோகூட ஆகவில்லை.

"ஜனவரியில் ஐரோப்பாவா? விறைத்துப்போய்விடுவாய்" என்று சொல்லாத ஆள் இல்லை. ஆனால் என் கையில் இருந்த காசுக்கு ஜனவரிதான் கதவைத் திறந்தது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு முடிந்த மறுவாரமே விமான டிக்கெட்டும் படுக்கை வாடகையும் இறங்கிவிடுகின்றன. கோடையில் ஐம்பது யூரோவுக்கு மேல் கேட்கும் டார்மிட்டரி படுக்கை எனக்கு 23 யூரோவுக்குக் கிடைத்தது. ஆறு படுக்கை போட்ட அறையில் இருந்தது நாங்கள் மூன்றே பேர். விசா கட்டணம் 90 யூரோ கோடைக்கும் குளிருக்கும் ஒன்றுதான். அதைக் கட்டத்தான் போகிறோம் என்றால், மிச்சமெல்லாம் மலிவாக இருக்கிற மாதத்தில் கட்டுவதுதானே புத்தி?

சைக்கிளை ஒரு வாரத்துக்கு 48 யூரோ பேசி எடுத்தேன். கறுப்பு நிறம், கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார், செயினை முழுசாக மூடிய உறை, பின்னால் அகலமான கேரியர். இந்த வகைக்கு அங்கே 'ஓமாஃபீட்ஸ்' என்று பெயர். ஓமா என்றால் பாட்டி, ஃபீட்ஸ் என்றால் சைக்கிள், பாட்டி சைக்கிள். ஏறி உட்கார்ந்தால் முதுகு தானாக நிமிர்ந்துவிடும், ஊரைத் தலைநிமிர்ந்து பார்த்துக்கொண்டே போகலாம். கைப்பிடியில் பிரேக் கிடையாது. பெடலைப் பின்பக்கமாக அழுத்தினால் வண்டி நிற்கும். முதல் பத்து நிமிடம் விரல்கள் காற்றைத்தான் பிடித்தன. அதற்கப்புறம் கால் கற்றுக்கொண்டது. எங்கள் ஊரில் மணிக்கு ஒரு ரூபாய் கொடுத்து வாடகை சைக்கிள் எடுத்து, குரங்குப் பெடல் போட்டுப் பழகியவன் நான். டைனமோ எரியாவிட்டால் போலீஸ் நிறுத்தும், டபுள்ஸ் போனால் காற்றைப் பிடுங்கிவிடும் என்று பயந்து வளர்ந்தவன். இங்கேயும் விளக்கு இல்லாமல் போனால் அபராதம் உண்டு. ஆனால் டபுள்ஸுக்குத் தடையில்லை! கேரியரில் ஒருக்களித்து உட்கார்ந்து கதை பேசிக்கொண்டு போகிற ஜோடிகளைப் பார்த்தால் மனசு நிறைந்துபோகிறது.

கடைக்காரர் சாவியைக் கொடுக்கும்போது வெளியே தூறல் ஆரம்பித்தது. கொஞ்சம் தயங்கினேன். "நீங்கள் சர்க்கரையால் செய்தவர் இல்லையே" என்றார். அது டச்சுக்காரர்கள் மழை வரும்போதெல்லாம் சொல்கிற பேச்சு. கரைந்துபோக மாட்டாய், கிளம்பு என்று அர்த்தம். அந்த வாரம் முழுவதும் எனக்கு அதுதான் மந்திரம்.

அந்த வாரத்தில் நான் பார்த்ததிலேயே அழகான காட்சி எது என்று கேட்டால், தேவாலயத்தையோ வாய்க்காலையோ சொல்ல மாட்டேன். ஒரு அப்பாவின் கையைச் சொல்வேன். பள்ளிக்கூட நேரம். ஆறு வயசு இருக்கும் ஒரு பெண் குழந்தை தன் சின்ன சைக்கிளில் போகிறாள். பக்கத்தில் அப்பா பெரிய சைக்கிளில். எதிர்காற்று பலமாக வீச, குழந்தையால் மிதிக்க முடியவில்லை, ஹேண்டில்பார் ஆடுகிறது. அப்பா இடது கையால் தன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, வலது கையைக் குழந்தையின் முதுகில் வைத்து மெல்ல அழுத்துகிறார். தள்ளுகிறாரா, தாங்குகிறாரா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு அழுத்தம். குழந்தை திரும்பிப் பார்க்கவே இல்லை. முதுகில் கை இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதற்கப்புறம் தினமும் தேடித்தேடிப் பார்த்தேன், ஊர் முழுக்க இதே கை. அம்மாவின் கை, அண்ணனின் கை, காதலனின் கை, நண்பனின் கை. இருவர் அருகருகே போக இடம் விட்டுப் பாதை போட்டிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த அகலம் இல்லையென்றால் அந்தக் கைக்கு வேலை இல்லை.

அந்த அகலம் சும்மா வந்ததில்லை. இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு அந்த ஊர்மேல் இருந்த பிரியம் மரியாதையாக மாறியது. டச்சுக்காரர்கள் பிறவியிலேயே சைக்கிள்காரர்கள், நமக்கு அது சரிப்படாது என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். 1950, 60களில் அவர்களும் சாலையைக் காருக்கு எழுதிக்கொடுத்தவர்கள்தான். 1971ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் சுமார் 3,300 பேர் செத்தார்கள். அதில் 400க்கும் மேல் குழந்தைகள். விக் லாங்கன்ஹோஃப் என்ற பத்திரிகையாளர் தன் மகளை அப்படி இழந்தவர். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்ற தலைப்பில் அவர் எழுதிய கட்டுரையிலிருந்துதான் அதே பெயரில் ஒரு மக்கள் இயக்கம் கிளம்பியது. பெற்றோர்கள் தெருவை மறித்தார்கள், குழந்தைகளைத் தெருவில் விளையாட விட்டார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து அரசாங்கமே ஞாயிற்றுக்கிழமைகளில் காரை நிறுத்தச் சொன்னபோது, கார் இல்லாத தெரு எப்படி இருக்கும் என்று எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். 1975இல் சைக்கிள்காரர்கள் சங்கம் பிறந்தது. இன்றைக்கு அந்தச் சின்ன நாட்டில் சைக்கிள் பாதை மட்டும் சுமார் 35,000 கிலோமீட்டர். நான் ஓட்டிய செந்நிறத் தார்ப்பாதை ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஒருவர் நடுத்தெருவில் உட்கார்ந்திருக்கிறார்.

உட்ரெக்டிலேயே இதற்குக் கண்கண்ட சாட்சி இருக்கிறது. பழைய நகரத்தைச் சுற்றி ஓடிய காத்தரைனசிங்கல் அகழியின் ஒரு பகுதியைத் தூர்த்து 1970களில் காருக்கு நெடுஞ்சாலை போட்டார்கள். 2002இல் ஊர் மக்கள் வாக்களித்து, தண்ணீரே திரும்ப வேண்டும் என்றார்கள். 2020 செப்டம்பரில் தண்ணீர் திரும்பியது. நான் போன காலையில் அந்த அகழியில் இரண்டு வாத்துகள் நீந்திக்கொண்டிருந்தன. ஒரு காலத்தில் கார்கள் பறந்த இடம்! கரையில் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கால் மணி நேரம் வாத்துகளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ரயில் நிலையத்துக்கு அடியில் இருக்கிற சைக்கிள் நிறுத்தத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் தூக்கம் வராது. 12,500 சைக்கிள்கள் நிற்கும், உலகத்திலேயே பெரியது. 2019இல் முழுசாகக் கட்டி முடித்தார்கள். அங்கே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போக வேண்டாம், ஓட்டிக்கொண்டே உள்ளே இறங்கலாம், வளைந்து வளைந்து மூன்று தளங்களுக்கும் ஓட்டியபடியே போகலாம். எந்த வரிசையில் எத்தனை இடம் காலி என்று பலகையில் எண் எரிகிறது. முதல் 24 மணி நேரம் இலவசம். வெளியே ஆலங்கட்டி மழை, உள்ளே வெளிச்சமும் கதகதப்பும். நான் காரணமே இல்லாமல் மூன்று முறை உள்ளே போய்வந்தேன். யாருக்காவது கோயில் பிராகாரத்தைச் சுற்றும் பழக்கம் இருந்தால் என்னைப் புரிந்துகொள்வார்கள்.

அப்புறம் அந்தப் பாலம். ஆம்ஸ்டர்டாம்-ரைன் கால்வாயைக் கடக்க 2017இல் ஒரு சைக்கிள் பாலம் கட்டினார்கள். உட்ரெக்டில் பிறந்து 200 மீட்டர் ஓட்டத்தில் உலக சாம்பியனான டாஃப்னே ஸ்கிப்பர்ஸின் பெயரை அதற்கு வைத்தார்கள். பாலத்துக்கு ஏறும் சரிவுக்கு இடம் போதவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு பள்ளிக்கூடத்தின் கூரைமேல் வளைத்து ஏற்றிவிட்டார்கள்! கீழே வகுப்பு நடக்கிறது, மேலே புல் போட்ட கூரையைச் சுற்றி சைக்கிள்கள் போகின்றன. இடமில்லை என்று கைவிரிக்காமல் பள்ளி, தோட்டம், பாலம் மூன்றையும் ஒன்றாக முடிச்சுப் போட்ட அந்த மூளைக்கு ஒரு கும்பிடு.

சாப்பாட்டுக்கு வருவோம், ஏனென்றால் பை ஓட்டையாவது அங்கேதான். ஓட்டலில் உட்கார்ந்து ஒருவேளை சாப்பிட்டால் இருபது யூரோ போய்விடும். நான் விடுதிச் சமையலறையை நம்பினேன். ஃப்ரேடன்பர்க் சந்தை புதன், வெள்ளி, சனி மூன்று நாளும் கூடும். மாலையில் கடையைக் கட்டுகிற நேரத்துக்குப் போனால், வியாபாரிகள் காய்களைக் கிண்ணம் கிண்ணமாக அள்ளி வைத்து ஒரு யூரோ, இரண்டு யூரோ என்று கூவித் தள்ளிவிடுவார்கள். ஒரு கிண்ணத்தில் எட்டுக் குடைமிளகாய் வாங்கினேன். ஊரிலிருந்து கொண்டுபோன பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் இரண்டும் இருக்க, சோறு வடித்தால் இராச்சாப்பாடு முடிந்தது. குடிக்கக் குழாய்த் தண்ணீரே அமிர்தம், பாட்டிலுக்கு ஒரு காசு செலவழிக்கத் தேவையில்லை. அதே சந்தையில் கண்ணெதிரே சுட்டு, நடுவில் சூடான பாகு தடவித் தருகிற ஸ்ட்ரூப்வாஃபல் என்ற பலகாரம் ஒன்று உண்டு. விரல் விறைத்த மாலையில் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தின்றேன். உள்ளங்கையும் வயிறும் ஒரே நேரத்தில் சூடாயின.

ஆனால் என்னை அடித்துப்போட்டது 'பாரா'தான். சுரிநாம்காரர்களின் சின்னக் கடை ஒன்றில் கண்ணாடிப் பெட்டிக்குள் அது இருந்தது. வட்டம், பொன்னிறம், நடுவில் ஓட்டை. எனக்கு ஒரு நிமிஷம் எந்த ஊரில் நிற்கிறேன் என்றே மறந்துவிட்டது. உளுந்து மாவில் மஞ்சளும் கீரையும் சேர்த்துச் சுட்ட வடை அது! டச்சுக்காரர்களின் காலனியாக இருந்த சுரிநாமின் கரும்புத் தோட்டங்களுக்கு 1873 முதல் 1916 வரை 34,000க்கும் மேற்பட்ட இந்தியர்களைக் கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். பெரும்பாலும் பீகார், உத்தரப் பிரதேச மக்கள். 1975இல் சுரிநாம் விடுதலை பெற்ற சமயத்தில் அவர்களின் வாரிசுகள் பல்லாயிரம் பேர் நெதர்லாந்துக்குக் குடிவந்தார்கள். கங்கைக்கரையில் புறப்பட்ட வடை இரண்டு கடல் தாண்டி, இரண்டு யூரோவுக்குச் சொச்சம் விலையில், காரச் சட்னியோடு என் கைக்கு வந்தது. கடைக்கார அம்மாவிடம் எங்கள் ஊரிலும் இது உண்டு என்றேன். "தெரியும்" என்று சிரித்து இன்னும் ஒரு கரண்டி சட்னி வைத்தார். அந்த வாரம் ஐந்து மதியங்கள் எனக்கு அதுதான் சாப்பாடு.

ஒரு நாள் ஹவுட்டன் போனேன். உட்ரெக்டிலிருந்து சுமார் ஒன்பது கிலோமீட்டர். ஐம்பதாயிரம் பேர் வாழும் அந்த ஊரைச் சைக்கிளுக்கென்றே வரைந்து கட்டியிருக்கிறார்கள். கார்களுக்கு ஊரைச் சுற்றி ஒரு வட்டச்சாலை. ஒரு பேட்டையிலிருந்து அடுத்த பேட்டைக்குக் காரில் போக வேண்டுமென்றால் வெளியே வந்து சுற்றித்தான் நுழைய வேண்டும். சைக்கிள்காரர் நேராக உள்ளேயே போய்விடலாம். சைக்கிள்காரர்கள் சங்கம் 2008, 2018 இரண்டு முறையும் சிறந்த சைக்கிள் நகரம் என்று இதைத்தான் தேர்ந்தெடுத்தது. நான் ஊர் நடுவில் நின்று கண்ணை மூடிக் கேட்டேன். குழந்தைகளின் பேச்சு, ஒரு நாய், சக்கரச் சத்தம். அவ்வளவுதான். ஒரு நகரத்தில் அவ்வளவு மௌனத்தை நான் கேட்டதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஆம்ஸ்டர்டாம். ரயிலில் அரைமணிப் பயணம்தான், ஆனால் நான் ஃபெஹ்ட் ஆற்றங்கரையோரம் சைக்கிளிலேயே போனேன். ஏறத்தாழ 45 கிலோமீட்டர். அங்கே காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும், நான் போக வேண்டியதோ வடக்கே. அதனால் காற்று பக்கவாட்டிலும் முதுகிலும் மாறிமாறித் தள்ளியது. மேடுகள் அரிதான அந்த நாட்டில் காற்றுதான் மலை. புயல் நாளாகப் பார்த்து, கடல் தடுப்பணைமேல் 8.5 கிலோமீட்டர் எதிர்காற்றில் கியர் இல்லாத சைக்கிளை ஓட்டும் போட்டியே 2013 முதல் நடத்துகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! ஆற்றங்கரை முழுக்க ஆம்ஸ்டர்டாம் வணிகர்கள் பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் கட்டிய கோடை மாளிகைகள், தண்ணீரை ஒட்டித் தேநீர் மண்டபங்கள். வழியில் ப்ரூக்கலன் என்ற சின்ன ஊர்; நியூயார்க்கின் புரூக்லினுக்குப் பெயர் கொடுத்தது இதுதான். அதைத் தாண்டியதும் வானம் கறுத்து ஆலங்கட்டி கொட்டியது. முகத்தில் அரிசியை அள்ளி அடித்தது போல. ஒரு பஸ் நிழற்குடையில் ஒதுங்கினேன். ஏழே நிமிடம். அப்புறம் வெயில் வந்தது பாருங்கள், தாழ்ந்த ஜனவரி வெயில், வயல்வெளி முழுக்கத் தண்ணீர்ச் சால்கள் வெள்ளிக் கம்பிகளாக மின்னின. கோடையில் வருகிறவர்களுக்கு இந்தச் சாய்ந்த வெளிச்சம் கிடைக்காது. ஜனவரியில் நாள் முழுவதும் அந்தி போலவே இருக்கும்.

ஆம்ஸ்டர்டாமிலும் குளிர்காலம்தான் அழகு என்று அடித்துச் சொல்வேன். வாய்க்கால் ஓரங்களில் எல்ம் மரங்கள். கோடையில் இலை அடர்ந்து வீடுகளை மறைத்துவிடும். ஜனவரியில் மொட்டைக் கிளைகளுக்கு நடுவே ஒவ்வொரு வீட்டின் முகப்பும், படிப்படியான உச்சியும், மணி வடிவ உச்சியும், சாமான் தூக்குகிற கொக்கியும் தெளிவாகத் தெரிகின்றன. ஐந்து மணிக்கு இருட்டியதும் பாலங்களின் வளைவுகளில் விளக்குகள் எரிகின்றன. ஜன்னலுக்குத் திரை போடுகிற பழக்கம் பலருக்கு இல்லை; மஞ்சள் வெளிச்சத்தில் புத்தக அலமாரி, சாப்பாட்டு மேசை, பூனை. நவம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரி நடு வரைக்கும் தண்ணீர்மேல் ஒளிச் சிற்பங்கள் வைத்து விழாவும் எடுக்கிறார்கள். படகில் போகிறவர்கள் டிக்கெட் வாங்குகிறார்கள், கரையில் சைக்கிளில் போன நான் ஒரு சென்ட்கூடக் கொடுக்கவில்லை. ரைக்ஸ்மியூசியத்துக்குள் நுழைய இருபது யூரோவுக்கு மேல். ஆனால் 1885இல் திறந்த அந்த மாபெரும் கட்டடத்தின் வயிற்றுக்குள்ளேயே பொதுவழி ஒன்று போகிறது, அதில் சைக்கிள் ஓட்டலாம், இலவசம். உள்ளே ஒருவர் செல்லோ வாசித்துக்கொண்டிருந்தார். வளைவுக் கூரையில் அந்த நாதம் எதிரொலிக்க, அதன் நடுவே பெடல் மிதித்துப் போன அந்த அரை நிமிடத்துக்காக மறுபடியும் விசா எடுக்கலாம். மத்திய ரயில் நிலையத்துக்குப் பின்னால் வடகரைக்குப் போகும் படகுகளும் இலவசம்தான். சைக்கிளோடு ஏறி, கடற்காற்றில் கால் மணி நேரம் போய், ஒரு பழைய கப்பல் கட்டும் தளத்தில் இறங்கினேன். திரும்ப அதே இலவசப் படகு. இரவில் எதிர்காற்றோடு மல்லுக்கட்டாமல், சைக்கிளுக்கும் ஒரு சீட்டு வாங்கி ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். காற்றோடு போ, ரயிலில் திரும்பு. இதைவிட நல்ல திட்டம் கிடையாது.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எட்டு இரவுப் படுக்கை 184 யூரோ, சைக்கிள் 48, சாப்பாடு 76, ரயில் 40. ஆக 348. நான் போனபோது இருந்த, யூரோவுக்கு 90 ரூபாய் என்ற கணக்கில் 31,000 ரூபாய்ச் சொச்சம். விமானமும் விசாவும் தனி.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும், திரும்பும்போது கையை நீட்டிக் காட்ட வேண்டும். சைக்கிள் பாதையில் நின்று போட்டோ எடுக்காதீர்கள். சைக்கிளுக்கு இரண்டு பூட்டையும் போடுங்கள், செயின் பூட்டை அசையாத கம்பியோடு சேர்த்துப் போடுங்கள். தடிமனான ஒரே கோட்டைவிட மெல்லிசாக மூன்று உடுப்பு நல்லது, மிதிக்கத் தொடங்கினால் ஐந்து நிமிடத்தில் ஒன்றைக் கழற்றுவீர்கள். பாயன்ராடார் என்ற மழைச் செயலியைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த இரண்டு மணி நேர மழையை நிமிடக் கணக்கில் காட்டும், அந்த ஊரே அதைப் பார்த்துத்தான் கிளம்புகிறது. விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், அதனால் ஜனவரிக்கு முன்கூட்டியே திட்டமிடுங்கள். எதில் வேண்டுமானாலும் சிக்கனம் பிடியுங்கள், கையுறையில் மட்டும் வேண்டாம். காற்றும் தண்ணீரும் புகாத நல்ல ஜோடி ஒன்று வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.